எட்டாவது கலத்தில் நான் எழுதியது

1. ஜன்னலோர மேஜை

நான் வேலையில் சேர்ந்த அன்று அந்தத் தாலுகா ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டது. காரணம் நான்தான். அதுவரை அங்கே பெண் ஊழியர் யாரும் கிடையாது. ஹெட் கிளார்க் அண்ணாச்சி எனக்கான நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலை இரண்டு சுற்று சுற்றினார். ரிக்கார்டு ரூம் பக்கம் போட்டால் வௌவால். தாசில்தார் அறை வாசலில் போட்டால் ஊர் பேசும். கடைசியில் நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருந்த மேஜையில் கொண்டுபோய்ப் போட்டார். அந்த மேஜையில் இருந்த செக்‌ஷன் முதியோர் பென்ஷனும் விதவை பென்ஷனும். இப்படித்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது. என் திறமையைப் பார்த்து யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. தூத்துக்குடி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் கடலை ஒட்டிய ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். உப்புக்காற்றில் குண்டூசி ஒரு மாதத்தில் துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஃபைலைத் திறந்தால் கை சிவந்துவிடும். மற்றபடி சௌகரியமான இடம்தான்.

நான் நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் தலைமை ஆசிரியைக்கு அரைகுறை வாக்கியம் ஆகாது. எழுவாயும் பயனிலையும் இல்லாமல் எழுதினால் நோட்டு பறந்து வரும். அந்தப் பழக்கம் ஆபீஸில் எனக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. கோப்பெல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்று மேலிடம் விரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இருபது வருஷம் ஆங்கிலத்தில் குறிப்பெழுதிப் பழகியவர்கள் தமிழில் ஒரு வரி எழுத முக்கி முனகினார்கள். நான் முத்து முத்தான கையெழுத்தில் முழுசு முழுசாக எழுதித் தள்ளினேன். தாசில்தார் என் நோட்டுகளை மற்ற செக்‌ஷன்காரர்களுக்கு எடுத்துக் காட்டுவார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏறாமல் இருக்குமா?

பென்ஷன் பதிவேட்டில் எட்டுக் கலங்கள். பெயர், வயது, ஊர் என்று போய், எட்டாவதில் ‘விசாரணைக் குறிப்பு’ வரும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு அவசரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் கிறுக்கியிருப்பார். அதை நான் நல்ல தமிழில் ஒரு முழு வாக்கியமாக விரித்து எழுதுவேன். ‘சன் டெசர்ட்டட்’ என்று அவர் கிறுக்கியது, என் கையில் ‘இவரது ஒரே மகன் இவரைப் பராமரிக்காமல் கைவிட்டுச் சென்றுவிட்டார்’ என்று ஆகும். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கையில் எனக்கே பெருமையாக இருக்கும்.

2. எல்லோருக்கும் பிடித்த யோசனை

ஒருவருக்குப் பென்ஷன் கொடுப்பதற்கு முன்னால் அவர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று பதினைந்து நாள் விடுவோம். யார் வந்து படிப்பது? கடலோரத்துக் கடைசி ஊரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து போர்டைப் படித்துவிட்டா போவார்? ஆட்டுக்குட்டிகள்தான் வந்து பசையை நக்கின. இதனால் வசதியாக இருந்தவர்களும் பட்டியலில் நுழைந்தார்கள். ஆடிட்டில் கேள்வி வந்தது. தாசில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான்தான் எழுந்து சொன்னேன். “சார், பட்டியலை ஊருக்கே அனுப்பிருவோம். கோயில்ல மைக் இருக்கு, சர்ச்ல ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க, பள்ளிவாசல்ல வெள்ளிக்கிழமை கூடுவாங்க. அங்க வாசிக்கச் சொன்னா ஒரே நாள்ல ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“இது நல்ல யோசனையா இருக்கே! எனக்கு ஏன் இத்தனை நாளா தோணல?” என்றார் தாசில்தார்.

ஹெட் கிளார்க் அண்ணாச்சி மட்டும், “எதுக்கும் விதியைப் பாத்துக்கிடுவோமே” என்று இழுத்தார். அவர் எதற்கும் விதியைப் பார்க்கச் சொல்லுகிறவர் என்பதால் யாரும் காதில் வாங்கவில்லை.

யோசனை அமோகமாக வேலை செய்தது. ஏரல் பக்கம் ஒரு ஊரில் கோயில் மைக்கில் பட்டியலை வாசித்தபோது, ‘மகன் இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்த பெரியவருக்கு சாகுபுரம் ஆலையில் வேலை பார்க்கிற மகன் இருப்பது அம்பலமானது. மகனுக்கு மானம் போய்விட்டது. மறுநாளே வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு ஊரில், இறந்துவிட்டார் என்று குறிப்பு எழுதி நாங்கள் பெயரை அடித்திருந்த பாட்டையா கூட்டத்தில் எழுந்து, “ஏலே, நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எவன்லே என்னைக் கொன்னது?” என்று கேட்டாராம். ஆபீஸ் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்குப் பாராட்டுக் குறிப்பு வேறு கிடைத்தது.

பட்டியலை நான் கார்பன் வைத்து நகல் எடுப்பேன். பெயரும் ஊரும் மட்டும் அனுப்பினால் போதுமா, எட்டுக் கலமும் அனுப்பவேண்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எட்டாவது கலத்தில்தானே என் அருமையான வாக்கியங்கள் இருந்தன.

3. மூன்றாம் ஓலை

ஒரு திங்கட்கிழமை காலை. நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, ஒரு அம்மாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கடற்கரை ஊர்க்காரர். பட்டியல் அனுப்பிய ஊர்களில் ஒன்று. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பை வைத்துச் சேலை கட்டிய பெண் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு டீச்சர்தான்; நானும் அப்படித்தான்.

“டீச்சர், எம் பேப்பரைத் தாங்க. எனக்கு பென்சன் வேண்டாம்” என்றார்.

“ஏம்மா, சாங்ஷன் ஆகப்போற நேரத்துல…”

“நேத்து பூசையில எம் மவளுக்கு மூணாம் ஓலை வாசிச்சாங்க.”

கத்தோலிக்கர்களிடம் இது வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெண் பெயரைப் பூசையில் வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்பார்கள். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மூன்றாம் ஓலை முடிந்துவிட்டால் பந்தல்காலுக்கு ஆள் பார்க்கவேண்டியதுதான்.

“ஓலை வாசிச்ச கையோட, உபதேசியார் ஒங்க பட்டியலை வாசிச்சாரு. ஏழு பேரு. ஒருத்தருக்கு ஒரு சொல்லு விடாம வாசிச்சாரு. எம் பேரு அஞ்சாவது.”

நான் பதிவேட்டைப் பிரித்தேன். ஆர்.ஐ. அதில் நான்கு எழுத்து கிறுக்கியிருந்தார். சாமியாருக்கு உதவியாளரான உபதேசியாருக்கு மட்டுமல்ல, எமனுக்கே அது விளங்காது. அதற்குக் கீழே என் கையெழுத்து: ‘இவரது கணவர் காசநோயால் பாதிக்கப்பட்டு, சானடோரியத்தில் ஆறு ஆண்டுகள் சிகிச்சை பெற்று, அங்கேயே காலமானார்.’

“எம் புருசன் தோணியில கொழும்புக்குப் போனாரு, அங்கனயே செத்தாருன்னுதான் ஊருக்குச் சொல்லியிருக்கேன்” என்றார் அந்த அம்மாள். “வேளாங்கண்ணிக்குப் போறேன், வேளாங்கண்ணிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய்த்தான் ஆறு வருசமும் அவரைப் பாத்துட்டு வந்தேன். எம் மவளுக்கே ஒழுங்காத் தெரியாது. ஒங்க ஆர்.ஐ. வந்து, உள்ளதைச் சொல்லணும், மறைச்சா பென்சன் கெடைக்காதுன்னாரு. சரி, கவர்மெண்டுகிட்டத்தான சொல்லுதோம்னு சொன்னேன். ஒங்களை நம்பித்தான டீச்சர் சொன்னேன்?”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

“மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுதாங்க?”

“அவங்க வேற ஊரு, பூசைக்கு வரல. ஆனா காத்துல சேதி போயிட்டு. ‘நெசமா பொய்யான்னு விசாரிச்சுட்டுச் சொல்லுதோம்’னு ஆள் விட்டுருக்காங்க. அவங்க ரத்தத்துல சீக்கு வந்துருமாம்.” அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பேப்பரைக் கிழிச்சுருங்க. நான் சொன்னது இல்லன்னு ஆயிரும்லா?”

கிழிக்க முடியாது. நம்பர் விழுந்த காகிதம் ஆபீஸின் சொத்து. அதை அவரிடம் சொல்லாமல் பதிவேட்டை மூடி வைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது அவருக்காகவா, என் அழகான வாக்கியத்துக்காகவா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

4. ஒரு மனு

தாசில்தாரிடம் போனேன். “முறைப்படி விளம்பரம் பண்ணினோம். வருத்தமான விஷயம்தான். என்ன செய்யச் சொல்லுதே?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேறு கவலை. இரண்டு வாரத்தில் சட்டமன்றக் குழு ஒன்று வருவதாகத் தந்தி வந்திருந்தது. அரசாங்கம் ஜனங்களுக்குக் கொடுக்கிற உதவிகள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று எம்.எல்.ஏ.க்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பொதுமக்கள் மனுவும் கொடுக்கலாம்.

ஆபீஸ் தலைகீழாக மாறியது. சுவருக்கு வெள்ளை அடித்தோம். நோட்டீஸ் போர்டுக்குப் பச்சை பெயிண்ட். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து திரைச்சீலை இரவல். பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த கக்கூஸுக்கு ஒரு வழியாகச் சாவி கிடைத்தது. குழு எதைக் கேட்கும் என்று ஹெட் கிளார்க் அண்ணாச்சி நாற்பது கேள்வி எழுதி, நாற்பதுக்கும் பதில் எழுதி வைத்தார். எட்டாவது கலத்தைப் பற்றி அதில் ஒன்றுகூட இல்லை.

நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாளை வரச் சொன்னேன். “குழுகிட்ட மனு கொடுங்க. நான் எழுதித் தாரேன்.”

“ஒங்க மேலேயேவா?” என்று கேட்டார்.

“என் மேலேயேதான்.”

எழுதினேன். இரண்டு பக்கம். அவர் கைநாட்டு வைத்தார். தபாலில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பாவம் கழுவிய மாதிரி இருந்தது. கழுவவில்லை என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று.

5. மனு எண் பதினொன்று

குழு வந்தது. நான்கு எம்.எல்.ஏ.க்கள், கூட ஒரு சட்டமன்ற அதிகாரி. தலைவர் வெளி ஜில்லாக்காரர், வக்கீலாக இருந்தவர், வெற்றிலைப் பெட்டியோடு வந்திருந்தார். ஹால் நிறைந்துவிட்டது. ரோடு கேட்டு, தண்ணீர் கேட்டு, பட்டா கேட்டு ஊர் ஊராக வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரைக் காட்டி, அந்த அம்மாள் என் காதருகில், “மாப்பிள்ளை ஊர்க்காரங்க. ரோட்டுக்கு மனு கொண்டாந்திருக்காங்க. நடுவுல இருக்கது மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்” என்றார். நான் ஃபைல்களை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

வழக்கம் என்னவென்றால், அதிகாரி ஒவ்வொரு மனுவாக எழுந்து வாசிப்பார். சம்பந்தப்பட்ட ஆபீஸர் பதில் சொல்லுவார். நல்ல குரல் அவருக்கு. பத்து மனு ஆயிற்று. ஹாலில் எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மனு எண் பதினொன்று.” அந்த அம்மாளின் பெயரையும் ஊரையும் வாசித்தார். மூன்றாவது வரிசை நிமிர்ந்தது. “மதிப்பிற்குரிய குழுவினர் சமூகத்துக்கு. எனது கணவர்…”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுவில் நான் என்ன எழுதியிருக்கிறேன்? எழுவாய், பயனிலை, நோய், சானடோரியம், ஆறு ஆண்டு, வேளாங்கண்ணி உட்பட எல்லாம் எழுதியிருக்கிறேன். முழுசு முழுசாக. நல்ல தமிழில். சர்ச்சில் வாசித்தது மாப்பிள்ளை வீட்டுக்கு வதந்தியாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. இதை இங்கே சட்டமன்ற அதிகாரியே வாசித்துவிட்டால் தாய்மாமனுக்கு விசாரிக்க வேண்டிய வேலையே இல்லை.

“நிறுத்துங்க சார்!”

அது என் குரல்தான். ஹெட் கிளார்க் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏளா, உனக்குக் கிறுக்கா?” என்றார். கோபம் வந்தால்தான் அவர் என்னை ஏளா என்பார்.

தலைவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். “யாரும்மா நீ?”

“இந்த செக்‌ஷன் கிளார்க் சார். அந்த மனுவை எழுதினது நான். மனுவுல சொல்லியிருக்க தப்பைச் செஞ்சதும் நான்தான்.”

தாசில்தார் தலையைக் குனிந்துகொண்டார். என் கையெழுத்தை அவர் முன்பே அடையாளம் கண்டிருக்கவேண்டும்.

“அப்புறம் ஏன் நிறுத்தச் சொல்றே?”

“அந்தம்மா விஷயத்தைச் சபையில வாசிச்சுட்டோம்கறதுதான் சார் பிராதே. இப்ப மறுபடியும் சபையிலதான வாசிக்கோம்?”

தலைவர் கையை நீட்டினார். அதிகாரி மனுவைக் கொடுத்தார். அவர் இரண்டு பக்கத்தையும் வாய்க்குள் படித்தார். மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பதினொன்னு அப்புறம். பன்னிரண்டை வாசிங்க” என்றார்.

பன்னிரண்டாவது மனு மாப்பிள்ளை ஊர் ரோடு. தாய்மாமன் எழுந்து ரோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவு அழகான பேச்சை அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தாசில்தார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை நடந்தது. நான்கு எம்.எல்.ஏ.க்கள், தாசில்தார், அந்த அம்மாள், நான். தலைவர் பதிவேட்டில் எட்டாவது கலத்தில் விரலை வைத்தார்.

“இதை வெளியே வாசிக்கணும்னு எந்த விதியில இருக்கு?”

தாசில்தார் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். “வழக்கத்துல அப்படி வந்துட்டு சார்.”

“வழக்கம் எத்தனை நாளா?”

“எட்டு மாசமா” என்றேன் நான். வேறு யார் சொல்லுவது?

“ஒருத்தருக்கு மகன் இருக்கானா இல்லையான்னு ஊரைக் கேளுங்க. அது சரி. அவர் எந்த ஆஸ்பத்திரியில செத்தாருன்னு ஊருக்கு எதுக்கு?” தலைவர் அந்த அம்மாளைப் பார்த்தார். “உங்களுக்கு என்னம்மா செய்யணும்?”

“அந்தப் பேப்பர் வேணும் ஐயா. இல்லாட்டி கிழிச்சுப் போடணும்.”

“கிழிக்க எனக்கும் அதிகாரம் இல்லையேம்மா” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, “கோந்து இருக்கா?” என்று கேட்டார்.

கொண்டுவந்தேன். என் வாக்கியத்தின் மேல் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தை நானே ஒட்டினேன். ஓரத்தில் தலைவர் கையெழுத்துப் போட்டார், தாசில்தார் போட்டார். அந்த அம்மாள் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்றும் பார்த்தார். லேசாகத் தெரிந்தது. இன்னொரு துண்டு ஒட்டினோம்.

6. மெமோவும் பேனாவும்

எனக்கு இரண்டு மெமோ வந்தன, இரண்டும் ‘பதினேழு ஏ’. அதாவது சின்னத் தண்டனைக்கான நோட்டீஸ். அனுமதியில்லாமல் தனிநபர் விவரங்களை வெளியே அனுப்பியதற்கு ஒன்று. அரசு ஊழியராக இருந்துகொண்டு பொதுமக்களுக்கு மனு எழுதிக் கொடுத்ததற்கு ஒன்று. பாராட்டுக் குறிப்பு வாங்கித் தந்த அதே யோசனைக்கு மெமோவும் வந்தது. பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவேன் என்று ஆபீஸே காத்திருந்தது. இரண்டுக்கும் ‘தவறு என்னுடையது’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். ஹெட் கிளார்க் அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று விசாரித்தார். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

சில மாதம் கழித்து மேலிருந்து சுற்றறிக்கை வந்தது. பட்டியலில் பெயரும் ஊரும் மட்டும். விசாரணைக் குறிப்பு மூடிய உறையில். விசாரணையும் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் கூடாது. இந்தக் கடைசி வரி குழுவின் அறிக்கையில் இருந்தது என்று கேள்வி. ஆர்.ஐ.க்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

அந்த அம்மாளுக்குப் பென்ஷன் சாங்ஷன் ஆனது. ஆர்டர் வாங்க வந்தார். பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“மக கல்யாணம் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

“பேனாவை மூடுங்க டீச்சர். பொறவு சொல்லுதேன்.”

மூடினேன். பதிவேட்டையும் மூடித் தள்ளி வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் இருவரும் சிரித்தோம். ஒரு இடத்தில் நான் அழுதேன்.

முப்பத்துச் சொச்சம் வருஷம் சர்வீஸ் பார்த்து ரிட்டயர் ஆனேன். இப்போது இதே வேலைக்கு வருகிற பிள்ளைகள், எதை எழுதவேண்டும் என்று கேட்டால் கையேட்டைப் பாருங்கள் என்பேன். எதை எழுதக்கூடாது என்பதை எனக்கு அந்த அம்மாள்தான் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் நடந்ததா இல்லையா என்று நீங்களும் கேட்பீர்கள். அவர் அதைச் சொன்னது நான் பேனாவை மூடிய பிறகு. அதனால் இங்கே எழுதவில்லை.